தண்ணி வடிஞ்ச பிறகு மூணு மாசம்: ஆத்துப் படுகைச் செடிகளின் அவசர வாழ்க்கை

 

இன்னைக்கு எபிசோட் ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்குது. நான் தேவாரம். தேனி மாவட்டம், மேற்க பார்த்தா ஏலக்காய் மலை, அந்தப் பக்கம் இறங்கினா இடுக்கி. இப்போ வேலை பெங்களூர்ல, ஆனா வருஷத்துல நாலஞ்சு தடவை ஊருக்குப் போயிருவேன். போன வருஷம் கோடையில நாங்க பசங்க எல்லாம் சேர்ந்து, காசு போட்டு, ஜேசிபி வாடகைக்கு எடுத்து, ஊர்க் கண்மாயைச் சுத்தம் பண்ணோம். சீமைக்கருவேலத்தை வேரோட பிடுங்கினோம். அது சரி, அதுல எனக்கு இப்பவும் வருத்தம் கிடையாது. அதோட நிக்காம, தண்ணி நிக்கிற படுகை முழுக்க மேல் மண்ணை வழிச்சு எடுத்தோம். கரையோரம், நடுவுல, ஒரு இடம் விடாம. வண்டல் மண் கேட்ட விவசாயிகளுக்குக் கொடுத்தோம். ட்ரோன் ஷாட் எடுத்து ரீல்ஸ் போட்டோம். பார்க்கிறதுக்கு கிரிக்கெட் மைதானம் மாதிரி இருந்துச்சு. நல்லா லைக்ஸ் வந்துச்சு.

அப்புறம் மழை பெஞ்சுச்சு, கண்மாய்க்கு ஓரளவு தண்ணி வந்துச்சு, தை மாசம் வடிய ஆரம்பிச்சுது. மாசியில நான் ஊருக்குப் போனப்ப, அங்க ஆடு மேய்க்கிற ஒரு பெரியம்மா என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "தம்பி, நல்ல காரியந்தான் பண்ணீங்க. ஆனா தண்ணி வத்துனா ஒரு பச்சை வரும்ல, தரையோட தரையா, அது எங்கிட்டுப்பா போச்சு?"

நான் உடனே, "மழை சரியில்ல பெரியம்மா"ன்னேன். நமக்குத் தெரியாததுக்கு எல்லாம் மழை மேல பழியைப் போட்டுறலாம்ல.

அவங்க விடல. "மழையெல்லாம் பெஞ்சுச்சு. அந்தாக் கிடக்கு பக்கத்துக் கண்மாய். அங்க இருக்கே. நான் இப்ப அவ்வளவு தூரம் ஓட்டிட்டுப் போறேன்."

போய்ப் பார்த்தேன். இருந்துச்சு. பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி இருந்துச்சு. அங்க இருந்துதான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடிச்சுது. பி.இ. படிச்சவன், பிளஸ் டூல பயாலஜியைக் கடனேன்னு படிச்சவன், கடந்த சில மாசமா பிளேடும் கையுமா வேரை அறுத்துப் பார்த்துட்டு இருக்கேன்.

முதல்ல அந்த இடத்தைப் புரிஞ்சுக்கணும். கண்மாய்ப் படுகையை மட்டும் சொல்லல. எங்க ஊர்ல இருந்து போடிக்குப் போனா கொட்டகுடி ஆறு. குரங்கணி, கொட்டகுடி மலையில இருந்து இறங்கி, போடி, தேனி வழியா வந்து கடைசியில வைகைத் தண்ணியோட கலக்குற ஆறு. ஐப்பசி, கார்த்திகையில அது ஆறு. பங்குனி, சித்திரையில அது மணல், பாறை, நடுவுல ஒரு கோடு மாதிரித் தண்ணி. இந்த ரெண்டுக்கும் இடையில, தண்ணி பின்வாங்கப் பின்வாங்க ஒரு ஈர விளிம்பு இருக்கும். இந்த வாரம் இங்க, அடுத்த வாரம் பத்தடி உள்ளே. அந்த விளிம்புலதான் நம்ம கதாநாயகர்கள் முளைக்கிறாங்க.

அவங்களுக்குக் கிடைக்கிற நேரம் மிஞ்சிப் போனா மூணு மாசம். ஆரம்பத்துல சேறு, வேருக்குக் காத்து கிடையாது. கடைசியில சுடு மணல். வேருக்குத் தண்ணி கிடையாது. திடீர்னு ஒரு கோடை மழை, மேல ஒரு வெள்ளம், மறுபடி மூழ்கணும். இந்த மூணுக்கும் ஒரே உடம்பு. இதுக்குள்ள முளைச்சு, பூத்து, காய்ச்சு, விதையைக் கொட்டிட்டுச் செத்துப் போகணும். இந்த மாதிரிக் குறுகிய காலச் செடிகளை ஆங்கிலத்துல 'எபிமெரல்'னு சொல்றாங்க. மின்மினி மாதிரி வந்து போறதுன்னு வெச்சுக்கலாம்.

யார் யார் இவங்க? நீங்க ஏற்கெனவே பார்த்தவங்கதான். கரிசலாங்கண்ணி, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் பாட்டில்ல படம் போட்டிருப்பாங்களே, அதே ஆள். செருப்படை, தரையோட ஒட்டி, சுருக்கம் சுருக்கமான இலையோட, நிஜமாவே செருப்பால மிதிச்சு வெச்ச மாதிரி கிடக்கும். மாசிப்பத்திரி, பேர்லயே மாசி இருக்கு. மஞ்சள் பொத்தான் மாதிரிப் பூ. அதோட தாவரவியல் பேர்ல 'மதராஸ்பட்டணம்' ஒளிஞ்சிருக்கு: கிராஞ்சியா மதராஸ்படானா. நீர்மேல் நெருப்பு, இந்தப் பேரை வெச்சவரு யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. கொட்டைக்கரந்தை, பொன்னாங்கண்ணி, பற்பாடகம், ஆரைக்கீரை. எங்க அம்மாச்சிக்கு இதுல பாதி கீரை, மீதி மருந்து. எனக்கு எல்லாமே "புல்லு"ங்கிற ஒரே ஃபோல்டர்ல இருந்துச்சு.

சரி, உள்ள போவோம். நிஜமாவே உள்ள.

கரிசலாங்கண்ணியைச் சேத்துல இருந்து மெதுவா உருவி எடுத்து, வேரை அலசி, புது ஷேவிங் பிளேடால முடிஞ்ச அளவுக்கு மெல்லிசா வட்டமா சீவுங்க. என்கிட்ட ஃபோல்ட்ஸ்கோப் இருந்துச்சு. ஸ்டான்ஃபோர்ட்ல மனு பிரகாஷ் குழு உருவாக்கின காகித மைக்ராஸ்கோப், மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கலாம். அதுல வெச்சுப் பார்த்தா, நான் எதிர்பார்த்தது ஒரு கெட்டியான வட்டம். தெரிஞ்சது சைக்கிள் சக்கரம். நடுவுல ஒரு அச்சு, வெளியில ஒரு விளிம்பு, ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசான ஆரக்கால்கள், மீதியெல்லாம் ஓட்டை. வேர்ல பாதிக்கு மேல காத்து மாதிரித் தெரிஞ்சுது. முதல்ல நான் தப்பா அறுத்துக் கிழிச்சுட்டேன்னு நினைச்சு அஞ்சாறு தடவை அறுத்தேன். அதே சக்கரம்தான்.

அந்த ஓட்டைகளுக்குப் பேரு ஏரன்கைமா, காற்றுத் திசு. ஏன் தேவைன்னா, ஆக்சிஜன் காத்துல பரவுற வேகத்தை விடத் தண்ணிக்குள்ள சுமார் 10,000 மடங்கு மெதுவாப் பரவும். சேறு நனைஞ்ச உடனே மண்ணுல இருக்குற ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் சீக்கிரமே காலி பண்ணிரும். வேர் உயிருள்ள பொருள், அதுக்கும் மூச்சு விடணும். மண்ணுல இருந்து கிடைக்காதுன்னா ஒரே வழி, இலையில இருந்து, தண்டுல இருந்து, உள்ளுக்குள்ளயே குழாய் போட்டுக் காத்தைக் கீழ அனுப்புறதுதான். வீட்டுக்குள்ள ஏசி டக்ட் போற மாதிரி.

அந்தக் குழாய் எப்படி உருவாகுதுங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பக்கத்துப் பக்கத்துல இருக்குற செல்கள் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகி இடம் விடுறது. இன்னொண்ணு, சில செல்கள் தங்களைத் தாங்களே கரைச்சுக்கிறது. ஆமா, திட்டமிட்ட சாவு. நெல் வேர்ல, மக்காச்சோள வேர்ல இதை நல்லா ஆராய்ஞ்சிருக்காங்க. சரி, "இப்ப நீ செத்துப்போ"ன்னு அந்தச் செல்லுக்கு யாரு சொல்றா? எத்திலீன். வாழைப்பழம் பழுக்க வைக்குதே, அதே வாயு. எல்லாச் செடியும் கொஞ்சம் கொஞ்சம் எத்திலீன் விட்டுட்டே இருக்கும், அது காத்துல கலந்து போயிரும். வேர் தண்ணிக்குள்ள மாட்டிக்கிட்டா? ஆக்சிஜன் உள்ள வர முடியாத அதே காரணத்தால எத்திலீன் வெளிய போக முடியாது. உள்ளயே சேரும். சேர்ந்தா, "நாம மூழ்கிட்டோம்"னு அர்த்தம்.

யோசிச்சுப் பாருங்க, தண்ணி இருக்கான்னு பார்க்க அது தனியா ஒரு சென்சார் வைக்கல. வெளிய போக வேண்டியது போகலையேங்கிறதையே சிக்னலா எடுத்துக்குது. நான் வேலையில எழுதுற மானிட்டரிங் கோடுல பாதி இதை விட மோசமா இருக்கும்.

இதுல இன்னொரு நுணுக்கம். குழாய் போட்டாச்சு, காத்து கீழ போகுது. ஆனா வேர் சுவர் வழியா அது சேத்துக்குள்ள ஒழுகிட்டா, நுனிக்குப் போய்ச் சேராது. நெல் மாதிரி ஈரநிலத் தாவரங்கள் பலதும் வேரோட வெளி அடுக்குல சூபரின்னு ஒரு பொருளைப் பூசி அடைச்சுக்கும். பாட்டில் கார்க்ல இருக்குற அதே சமாச்சாரம். நுனிக்குப் பக்கத்துல மட்டும் பூசாம விட்டுரும், அங்கதானே வேலை நடக்குது. எங்க ஊர்ல சொட்டுநீர்க் குழாய் போட்டவங்களுக்கு இது புரியும்.

சரி, சேறு முடிஞ்சுது. மாசி போய் பங்குனி வருது. அதே செடி இப்போ வெயில்ல நிக்குது.

இங்க நாம வழக்கமா யோசிக்கிறது, வறட்சின்னா கள்ளி மாதிரி கெட்டித் தோல், மெழுகு, முள், தண்ணி சேமிப்பு. படுகைச் செடிகள்ல பெரும்பாலும் அது கிடையாது. ஏன்னா அதெல்லாம் செலவு. கெட்டியான தண்டு வேணும்னா செல் சுவர்ல லிக்னின் ஏத்தணும். மரம் மரமா இருக்குறதே லிக்னினாலதான். மூணு மாசத்துல சாகப் போறவனுக்கு எதுக்குக் கான்கிரீட் வீடு? அதனால இதுங்க தண்டுல தாங்கு திசு குறைவு, நீர்க்குழல் கொஞ்சம், மீதி மெத்துன்னு இருக்குற சாதாரணச் செல்லும் காத்தும். பிடுங்கி வெச்சா அரை மணி நேரத்துல வதங்கிரும். மிச்சம் பிடிச்ச காசு எல்லாம் இலைக்கும் விதைக்கும் போகுது.

இலையில இன்னொரு அவசரம் தெரியும். மா, வேம்பு மாதிரி மரங்கள்ல காத்து வாங்குற துளைகள், ஸ்டொமேட்டா, பெரும்பாலும் இலையோட அடிப்பக்கம் மட்டும். திறந்த வெயில்ல வேகமா வளர்ற ஓராண்டுச் செடிகள் பலதுல ரெண்டு பக்கமும் இருக்கும். தண்ணி வீணாகும்தான். ஆனா தண்ணி இருக்குற வரைக்கும் ரெண்டு வாசலையும் திறந்து வெச்சு வேகமா சமைச்சு முடிச்சுறலாம். சிக்கனக்காரன் இல்ல இது. ஒண்ணாம் தேதி சம்பளம் வந்ததும் செலவு பண்ற ஆளு. பத்தாம் தேதிக்கு மேல உயிரோட இருக்கப் போறதில்லைன்னு தெரிஞ்சா நாமளும் அப்படித்தான் இருப்போம்.

செருப்படை மட்டும் கொஞ்சம் வேற ரகம். உடம்பு முழுக்க ரோமம். லென்ஸ்ல பார்த்தா இலை பனி மூடின மாதிரி இருக்கும். வெளிச்சத்தைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும், இலை மேல ஓடுற காத்தைத் தடுக்கும். வெறும் படுகையில நிழலுக்குப் போட்டி போட யாரும் இல்லங்கிறதால உயரமா வளர வேண்டிய கட்டாயமும் இல்ல. அதனால நட்சத்திரம் மாதிரி நாலாபக்கமும் படர்ந்து கிடக்குது. ஆணிவேர் மட்டும் இறங்குற தண்ணியைத் துரத்திக்கிட்டு நேரா கீழ போகும். ஒண்ணைப் பிடுங்கிப் பாருங்க, மேல இருக்குற உருவத்துக்கும் கீழ இருக்குற வேருக்கும் சம்பந்தமே இருக்காது.

பற்பாடகம் இன்னொரு வித்தை வெச்சிருக்கு. நூல் மாதிரி இலை, ஈர்க்குச்சி மாதிரித் தண்டு. அது சி4 ஒளிச்சேர்க்கை பண்ற செடி. சோளம், கரும்பு, கம்பு எல்லாம் அதே கட்சிதான். சூட்டுலயும் துளையை அதிகம் திறக்காம கார்பன் டை ஆக்சைடைப் பிடிச்சு ஒரு இடத்துல குவிச்சு வேலை பார்க்கிற முறை. இதுக்கு இலைக்குள்ள நரம்பைச் சுத்தி மாலை போட்ட மாதிரி ரெண்டு வளையமாச் செல்கள் நிக்கும். ஜெர்மன்ல மாலைக்கு 'கிரான்ஸ்'னு பேரு, அதனால கிரான்ஸ் அமைப்பு. பற்பாடகத்தோட நெருங்கின சொந்தம் ஒண்ணு, மொல்லுகோ நியூடிகாலிஸ். அது இந்த முறைக்கும் சாதாரண சி3 முறைக்கும் நடுவுல நிக்குது. அதை முதன்முதல்ல ஆராய்ஞ்சு 1978ல 'நேச்சர்' இதழ்ல எழுதினவங்க யாருன்னு பார்த்தா, நம்ம பக்கத்துத் திருப்பதி, வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்து ராகவேந்திரா, ராஜேந்திருடு, தாஸ். ஒரே செடியில இலை இருக்குற இடத்தைப் பொறுத்து ஒளிச்சேர்க்கை முறை மாறுதுன்னு சொன்னாங்க. அதுக்குப் பிறகு அந்தச் செடியைப் பத்தி நிறைய விவாதம் ஓடுச்சு. எனக்கு அதுல பிடிச்சது, உலகமே திரும்பிப் பார்த்த ஆராய்ச்சிக்கு அவங்க எடுத்துக்கிட்டது வெறும் மணல்ல முளைக்கிற ஒரு களை.

கொஞ்சம் விலகிப் போறேன், நெல்லுக்கு. வெள்ளம் மேல வந்து மூழ்கினா என்ன பண்றதுங்கிற கேள்விக்கு நெல்லுக்குள்ளயே ரெண்டு எதிரெதிர்ப் பதில் இருக்கு. ஆழ்நீர் நெல், தண்ணி ஏற ஏறத் தண்டை நீட்டிக்கிட்டே போகும், ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல கூட. தலையைத் தண்ணிக்கு வெளிய வெச்சிருக்கணும், அவ்வளவுதான். இதுக்குக் காரணமான ஜீன்களை 2009ல ஜப்பான், நகோயா பல்கலைக்கழகக் குழு கண்டுபிடிச்சு 'ஸ்நார்கல்'னு பேர் வெச்சாங்க. ஒடிசாவோட எஃப்.ஆர்.13ஏ நெல் இதுக்கு நேர் எதிர். மூழ்கினா வளர்ச்சியை நிறுத்திட்டு, சத்தை மிச்சம் பிடிச்சு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கும். ரெண்டு வாரம் வரைக்கும் தாங்கும். அதுல இருந்து எடுத்த சப்1 ஜீனை ஏத்தித்தான் ஸ்வர்ணா சப்-1 வந்துச்சு, நம்ம டெல்டாவுல போடுற சி.ஆர்.1009 சப்-1 வந்துச்சு. வேடிக்கை என்னன்னா, ரெண்டு பதிலுக்கும் தூண்டுகோல் அதே எத்திலீன்தான். ஒரே அலாரம். ஒருத்தன் எழுந்து ஓடுறான், இன்னொருத்தன் போர்வையை இழுத்து மூடிக்கிறான்.

தஞ்சாவூர் நெட்டி வேலை பார்த்திருப்பீங்க. வெள்ளை வெளேர்னு, யானைத் தந்தம் மாதிரி, பெரிய கோயில் பொம்மை. 2020ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அந்த நெட்டி, குளத்துல சதுப்புல வளர்ற ஒரு பயறு குடும்பச் செடி. நாம அதைத் தண்டுக்குள்ள இருக்குற சோறுன்னு நினைக்கிறோம். உடற்கூறுப்படி பார்த்தா அது பெரும்பாலும் கட்டை, மரம்தான். லிக்னின் ஏத்தாத, மெல்லிய சுவர் வெச்ச, காத்து நிரம்பின மரம். தேக்கும் அதே இடத்துல இருந்து உருவாகுற திசுதான், நெட்டியும் அதே இடத்துல இருந்து உருவாகுற திசுதான்.

இப்போ மலைக்கு அந்தப் பக்கம். இதைச் சொல்லாம இந்த எபிசோடை முடிக்க மனசு வரல.

நான் சொன்னதெல்லாம் மணல்லயும் சேத்துலயும் வாழுற கூட்டம். அதே ஆறு, மலையில பாறை மேல அடிச்சுக்கிட்டு ஓடும்போது, அந்தப் பாறையில இன்னொரு கூட்டம் வாழுது. போடோஸ்டிமேசியே குடும்பம். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகள்ல, இலங்கையில எல்லாம் இருக்கு. பார்த்தா பாசின்னு நினைப்பீங்க. பாறையில ஒட்டின பச்சைத் தோல். ஆனா அது பூக்கிற தாவரம். அடிக்கிற தண்ணிக்குள்ள மழைக்காலம் முழுக்க வளரும். தண்ணி இறங்கிப் பாறை வெளிய தெரிஞ்ச உடனே அவசர அவசரமாப் பூக்கும், காய்க்கும், வெயில்ல காஞ்சு பாறையோட பாறையாப் போயிரும். விதை நனைஞ்சா மேல் தோல் பசை மாதிரி ஆகிப் பாறையில ஒட்டிக்கும். அடுத்த வெள்ளத்துல அடிச்சுட்டுப் போகக் கூடாதுல்ல.

உடம்பைப் பார்த்தா பாடப்புத்தகத்தைத் தூக்கிப் போட்டுறலாம். எது வேர், எது தண்டு, எது இலைன்னு சண்டை வரும். பல இனங்கள்ல வேரே தட்டையாகிப் பச்சையாகி இலை வேலையைப் பார்க்குது. அப்புறம், தண்ணிக்குள்ள வாழுற செடின்னா காற்றுத் திசு இருக்கணும்னு இவ்வளவு நேரம் கத்தினேன்ல? இதுங்ககிட்ட அந்தக் காத்து ஓட்டைகள் அநேகமாக் கிடையாது. வேகமா அடிச்சு நுரைக்கிற தண்ணியில ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்ல. சேத்துல இருக்குறவனுக்குத்தான் குழாய் வேணும். கட்டமைப்பு செடியோட குணம்னு நினைச்சுட்டு இருந்தேன். அது இடம் கேக்குற கேள்விக்குப் பதில்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

ஆனா இதுலயும் ஒருத்தர் கேள்வி கேட்டார். ஜான் கிறிஸ்டோஃபர் வில்லிஸ், இலங்கை பேராதனைப் பூங்காவோட இயக்குநரா இருந்தவர். இலங்கை, இந்தியாவோட போடோஸ்டிமேசியே பத்தி 1902ல பெரிய ஆய்வு வெளியிட்டார். அவருக்கு ஒரே குழப்பம்: எல்லாருக்கும் ஒரே பாறை, ஒரே தண்ணி, போட்டிக்கு வேற செடி கிடையாது. அப்புறம் எதுக்கு இத்தனை விதவிதமான உருவம்? எல்லாமே தேவைக்கு ஏத்த தகவமைப்புன்னா எல்லாம் ஒரே மாதிரி இல்ல இருக்கணும்? அதுல இருந்து அவர் இயற்கைத் தேர்வு மேலயே சந்தேகப்பட ஆரம்பிச்சார். அவரோட முடிவை உயிரியல் உலகம் ஏத்துக்கல. கேள்வியை நான் மதிக்கிறேன். செடியில எந்த ஓட்டையைப் பார்த்தாலும் "இது இதுக்காக"ன்னு கதை கட்டுற வியாதி நமக்கு இருக்கு. இந்த எபிசோட்லயும் நான் அதைச் செஞ்சிருப்பேன், பிடிச்சா கமெண்ட்ல திட்டுங்க.

இப்போ திரும்ப எங்க கண்மாய்க்கு. அந்தப் பச்சை எங்கிட்டுப் போச்சு?

விதை. எல்லாத்துக்கும் பதில் விதையில இருக்கு. இந்தச் செடிகளோட விதை பெரும்பாலும் தூள் மாதிரி இருக்கும், நீர்மேல் நெருப்போட விதை எல்லாம் மூக்குப்பொடி மாதிரி. சின்ன விதைன்னா சேமிப்பு கம்மி, ஆழத்துல இருந்து முளைச்சு மேல வர முடியாது. அதனால மேல் மண்ணுல கிடக்குற விதைதான் முளைக்கும். "இப்ப முளைக்கலாமா"ன்னு அதுக்கு எப்படித் தெரியும்? பலதுக்கு வெளிச்சம் வேணும். இன்னொண்ணு வெப்பம் ஏறி இறங்குறது. தண்ணிக்கு அடியில இருக்குற சேத்துல பகலும் ராத்திரியும் சூடு கிட்டத்தட்ட ஒண்ணுதான். தண்ணி வடிஞ்சு சேறு வெளிய தெரிஞ்சா பகல்ல கொதிக்கும், ராத்திரி குளிரும். அந்த ஏத்த இறக்கம் தெரிஞ்சா, மேல தண்ணி இல்லன்னு அர்த்தம். ஆராய்ச்சியாளர்கள் ஈரநிலச் செடிகள் பலதுல இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க.

அது வரைக்கும் விதைகள் சேத்துக்குள்ள வருஷக்கணக்காக் காத்துக் கிடக்கும். எல்லாம் ஒரே வருஷம் முளைச்சுறாது, ஒரு பங்கு எப்பவும் மிச்சம் இருக்கும். நடுவுல மழை ஏமாத்தினாலும் அடுத்த வருஷத்துக்குச் சரக்கு இருக்கணும்ல. இதை விதை வங்கின்னு சொல்றாங்க. ஆரைக்கீரை விதை போடுற செடி இல்ல, பெரணி இனம். அதுவும் பயறு மாதிரி கெட்டியான ஒரு உறைக்குள்ள வித்துகளை அடைச்சுப் பல பத்தாண்டு வறட்சியைக் கூடத் தாண்டும்.

சார்லஸ் டார்வின் ஒரு வேலை பண்ணார். ஒரு சின்னக் குட்டை ஓரத்துல மூணு இடத்துல இருந்து மூணு டேபிள்ஸ்பூன் சேறு எடுத்தார். ஒரு காபி கப் கொள்ளுற அளவு. படிக்கிற அறையில மூடி வெச்சு, ஆறு மாசம், முளைக்க முளைக்கப் பிடுங்கி எண்ணினார். 537 செடி. 1859ல வந்த 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்துல இந்தக் கணக்கு இருக்கு.

ஒரு கப்புக்கு 537. நாங்க டிராக்டர் டிராக்டரா அள்ளினோம்.

எங்க மாமா தோட்டத்துக்கும் அந்த வண்டல் போச்சு. "என்ன மாப்ள, மண்ணு நல்ல மண்ணுதான், ஆனா களை இந்த வருஷம் தாங்கலை"ன்னார். அப்போ சிரிச்சுட்டேன். பெரியம்மாவோட மேய்ச்சல்தான் மாமாவோட களையா முளைச்சிருக்கு.

வண்டல் எடுக்குறதே தப்புன்னு நான் சொல்ல வரல. தூர் வாராத கண்மாய் தண்ணி பிடிக்காது, மேடாகிப் போகும். நம்ம முன்னோரும் எடுத்தாங்கதான். ஆனா மண்வெட்டியும் மாட்டு வண்டியும் வெச்சு அவங்க எடுத்தது ஒரு வருஷத்துக்கு ஒரு மூலை. ஜேசிபி மூணே நாள்ல மொத்தத்தையும் வழிச்சுரும். எங்க தப்பு தூர் வாரினதுல இல்ல, அழகா இருக்கணும்னு ஒரு அடி மிச்சம் வைக்காம வழிச்சதுல.

ஆடு வளர்க்குறவங்களுக்கு இது ரசனை விஷயம் இல்ல. தை, மாசியில மானாவாரிக் காடெல்லாம் காஞ்சு கிடக்கும்போது கண்மாய்ப் படுகை பச்சைதான் குட்டி போட்ட ஆட்டுக்குத் தீனி. பெரியம்மா இந்த வருஷம் மூணு குட்டியைச் சீக்கிரமே வித்துட்டாங்க. "நடந்து நடந்து கால் வலிக்குதுப்பா"ன்னு மட்டும்தான் சொன்னாங்க. நான் விலை கேட்கல, கேட்கத் தைரியம் வரல.

அதனால டார்வின் வேலையை நானும் செஞ்சேன். எங்க கண்மாய்ல ஒரு டப்பா மண், பக்கத்துக் கண்மாய்ல ஒரு டப்பா, கொட்டகுடி ஆத்து ஓரத்துல ஒரு டப்பா. ஐஸ்கிரீம் டப்பாதான். பெங்களூர் ஃபிளாட் பால்கனியில வரிசையா வெச்சுத் தண்ணி ஊத்தினேன். ரூம்மேட், "டேய், சேத்தை எதுக்குடா பஸ்ல கொண்டாந்த"ன்னு கேட்டான், ஓனர் கிட்டயும் ஒரு விளக்கம் கொடுக்க வேண்டியதாப் போச்சு. ரெண்டு வாரத்துல பக்கத்துக் கண்மாய் டப்பா பச்சையா மூடிருச்சு, எண்ண முடியல. ஆத்து டப்பாவுல கோரையும் கரிசலாங்கண்ணியும் கலந்து வந்துச்சு. எங்க கண்மாய் டப்பாவுல விரல் விட்டு எண்ணலாம். அதுலயும் பாதி காத்துல பறந்து வந்த எருக்கோன்னு சந்தேகம்.

டப்பா மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்து எங்க வாட்ஸாப் குரூப்ல போட்டேன். ஒருத்தன் கைதட்டினான். ஒருத்தன், "நீ பெங்களூர்ல உக்காந்து செடி வளர்த்துட்டு இருக்க, இங்க கண்மாய்ல இன்னும் தெக்குப் பக்கம் தூர் வார வேண்டியிருக்கு"ன்னான். அவன் சொன்னதும் நியாயம்தான். ரெண்டு நாள் சண்டை போட்டோம். நான் கேட்டது ரெண்டு விஷயம். தெக்குப் பக்கம் வாரும்போது கரையோரம் ஒரு பட்டை தொடாம விடணும். பக்கத்துக் கண்மாய் ஓரத்துல இருந்து, செடி காஞ்சு விதை கொட்டின பிறகு, நாலு சாக்கு மேல் மண் மட்டும் கொண்டு வந்து நம்ம படுகையில தூவணும். ஆழம் வேண்டாம், மேல ஒரு விரல்கடை போதும். இது வேலை செய்யுமான்னு அடுத்த மாசியில தெரியும்.

பட்டைக்கு ஒத்துக்கிட்டாங்க. சாக்குக்கு, "முதல்ல அந்த ஊர்க்காரங்க கிட்ட நீயே போய்க் கேளு"ன்னுட்டாங்க. போன வாரம் போய்க் கேட்டேன். பெரியம்மாவும் கூட வந்தாங்க, அவங்களுக்கு அங்க எல்லாரையும் தெரியும். "ஏம்ப்பா, மண்ணை எடுத்துட்டுப் போயிச் செடி வளர்க்கவா?"ன்னு ஒரு பெரியவர் சிரிச்சார். அப்புறம் எந்த ஓரத்துல பச்சை அடர்த்தியா வரும்னு அவரே நடந்து வந்து காட்டினார். செருப்படைக் காடு இங்க, கொட்டைக்கரந்தை அங்க, மதகுக்குப் பக்கத்துல எடுக்காதீங்க, அங்க வெறும் கோரைன்னார். நான் கூகுள் மேப்ல பின் போட்டுக்கிட்டேன்.

பால்கனி அப்டேட் ஒண்ணு. ஆத்து டப்பாவுல நேத்து ஒரு மஞ்சள் பொத்தான் பூத்திருக்கு. மாசிப்பத்திரின்னு நினைக்கிறேன். போட்டோ எபிசோட் பக்கத்துல இருக்கு, தெரிஞ்சவங்க சரியான்னு சொல்லுங்க. உங்க ஊர் ஆத்துல, ஏரியில, தண்ணி வடிஞ்சதும் முதல்ல வர்ற செடி எது, அதுக்கு உங்க வீட்டுப் பெரியவங்க என்ன பேர் சொல்றாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதை வெச்சுத்தான் ஆரம்பிக்கப் போறேன். இப்போ தண்ணி ஊத்தப் போறேன். வரட்டா.